நாயை ஏரிக்கு நீந்தக் கூட்டிப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பி நிற்கும் நேரத்தில், நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு ஆசை எழும்: ஒரு நாள் முழுக்க நாயைத் தண்ணீரில் விளையாட விட வேண்டும். நல்ல ஆசைதான். நாய்க்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி குறைவு. மூட்டுக்கு பாரம் இல்லை, மனசுக்கும் உற்சாகம். ஆனால் நம் ஊர் ஏரி நீச்சல் குளம் இல்லை. பாசனம், மீன், ஆடு மாடு, துணி துவைப்பது, பறவைகள் என்று பலருக்கும் பலவற்றுக்கும் சொந்தமான இடம். தண்ணீரைக் கண்ட நாய் தன் களைப்பை மறந்துவிடும். போதும் என்று தானாக நிறுத்தாது. ஏரியைப் பார்ப்பதும் நாயை நிறுத்துவதும் நம் வேலை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பற்றியவைதான். தமிழ்நாட்டு ஏரி, கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது இது. கடலுக்கும் ஓடும் ஆற்றுக்கும் இது போதாது.

எல்லா நாய்க்கும் நீந்தத் தெரியும்தானே?

இல்லை. தண்ணீரில் விட்டால் எந்த நாயும் காலை அடிக்கும். ஆனால் காலை அடிப்பதும் மிதப்பதும் ஒன்றல்ல. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இரண்டும் தண்ணீர் வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். இரட்டை அடுக்கு ரோமமும், துடுப்பாக உதவும் தடித்த வாலும் லேப்புக்கு உண்டு. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் இதற்கு நேர் எதிர். தலை கனம், மூச்சுப் பாதை குறுகல், மூக்கைத் தண்ணீருக்கு மேல் வைக்கவே உடம்பைச் செங்குத்தாக்க வேண்டியிருக்கும். அவற்றின் முழங்கால் ஆழத்துக்கு மேல் அவற்றை விடவே வேண்டாம். டாஷ்ஹண்டுக்குக் கால் குட்டை, உடம்பு நீளம், சீக்கிரம் களைக்கும்.

நம் நாட்டு இனங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேட்டைக்கு ஓடப் பிறந்தவை. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, ரோமம் மெல்லியது. அதனால் மிதப்பு குறைவு, குளிரும் சீக்கிரம் ஏறும். நீந்தும், ஆனால் கொஞ்ச நேரம்தான். ராஜபாளையத்துக்கு உடல் பலம் உண்டு; பிரச்சினை வெயில். வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, அதே நிறத் தோல். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலில் மூக்கு பொசுங்கிவிடும். இன்னொன்று: இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு. உங்கள் நாய்க்குக் காது மந்தம் என்றால் கூப்பிட்டுத் திருப்ப முடியாது, கயிறு இல்லாமல் இறக்காதீர்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே நீந்தும், எங்கே ஏறுவது என்பதையும் சட்டென்று கற்றுக்கொள்ளும்.

எந்த மாதம் நல்லது? எந்த நேரம்?

ஜனவரி, பிப்ரவரி. மழைத் தண்ணீர் தெளிந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. அக்டோபர், நவம்பரில் வரத்துக்கால்வாய் வழியாக ஊர்க் கழிவெல்லாம் அடித்துக்கொண்டு வரும். கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டும் இருக்கும். அப்போது போகாதீர்கள். ஏப்ரல், மே என்றால் தண்ணீர் வற்றி, சேறும் பாசியும்தான் மிஞ்சும்.

காலை ஆறரைக்குத் தண்ணீர் ஓரத்தில் இருந்தால் ஒன்பதரை வரை சுகமாக விளையாடலாம். அப்புறம் நிழலில் ஓய்வு, சாப்பாடு, தூக்கம். மாலை நாலரைக்கு மேல் இன்னொரு முறை. "ஒரு நாள் முழுக்க" என்பதற்கு நம் ஊர் வெயிலில் இதுதான் அர்த்தம்.

எந்த ஏரிக்குப் போகலாம்?

முதலில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், பட்டியல் அங்கேதான் நீளம்.

குடிநீர் ஏரிகள் கூடாது. சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி, வீராணம் எல்லாம் இதில் அடக்கம். பறவைகள் சரணாலயங்கள் கூடவே கூடாது: வேடந்தாங்கல், கரிக்கிலி, வடுவூர், கூந்தன்குளம். பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் அப்படியே. நமக்கு நல்ல மாதமான ஜனவரிதான் அந்தப் பறவைகளுக்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும். ஒரு நாய் தண்ணீரில் இறங்கினாலே கூட்டம் கூட்டமாக எழுந்து பறந்துவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்திடமும் மாட்டிக்கொள்ளும். கோவில் தெப்பக்குளத்தில் நாயை இறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் இருக்கும் அணைகளுக்கும் நாயைக் கொண்டு போகாதீர்கள். வனத்துறை அனுமதிக்காது, சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை.

கொடைக்கானல் ஏரி (1863-இல் உருவாக்கியது), ஊட்டி ஏரி, ஏற்காடு ஏரி எல்லாம் படகு விடும் இடங்கள். கரையில் நடக்கலாம், நீந்த அல்ல.

பெருநகரத்துக்குள் இருக்கும் ஏரிகளையும் நான் ஒதுக்கிவிடுவேன். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் எங்கோ ஒரு மூலையில் சாக்கடை கலந்துகொண்டிருக்கும்.

மிச்சம் இருப்பது கிராமத்து ஏரிகளும் கண்மாய்களும். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் இருக்கின்றன, குறையே இல்லை. அதில் உங்களுக்கோ நண்பருக்கோ சொந்த ஊர் ஏரி என்றால் அதுதான் முதல் தேர்வு. ஏனென்றால் எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மணல் என்பதை ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். வரைபடத்தில் தெரியாது.

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

கேளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையின் கையில், அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஆனால் நடைமுறையில் உங்களைத் தடுக்கப் போவதும் உதவப் போவதும் ஏரியில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவரும், கரையில் ஆடு மேய்ப்பவரும்தான். மீன் குஞ்சு விட்டிருக்கும் ஏரியில் நாய் குதித்தால் குத்தகைக்காரருக்குக் கோபம் வருவது நியாயம். போனதும் "அண்ணே, நாயை எந்தப் பக்கம் இறக்கலாம், வலை எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டால் அனுமதியும் கிடைக்கும், ஆழமும் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

மக்கள் குளிக்கும் துறை, துணி துவைக்கும் கல், பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் நாயை அவிழ்த்து விடலாமா?

வேண்டாம். நாயை ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் இறங்கிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கவே முடியாது. நீங்கள் இறங்கிப் பார்க்காத தண்ணீரில் நாயை இறக்காதீர்கள்.

நம் ஏரிகளில் பெரிய ஆபத்து மண் எடுத்த பள்ளம். வண்டலும் சவுடும் அள்ளிய குழிகள் கோடையில் கண்ணுக்குத் தெரியும்; தண்ணீர் நிறைந்தபின் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி ஆள் ஆழம். இதில் மனிதர்களே இறந்துபோகிறார்கள், ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. ஆகவே கையில் ஒரு நீளக் கம்பு, ஊன்றிப் பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போகவே கூடாது.

மதகுப் பக்கம் போகாதீர்கள். மதகு திறந்திருந்தால் மேலே தண்ணீர் அசையாமல் இருக்கும், அடியில் இழுப்பு இருக்கும். கலங்கலும் அப்படித்தான், கூடவே பாசி வழுக்கும்.

ஆகாயத்தாமரை மூடிய பகுதியை நாய் தரை என்று நினைத்துக் குதித்துவிடும். உள்ளே போனால் வேரும் தண்டும் காலைச் சுற்றிக்கொள்ளும். தாமரைக் கொடியும் அதே கதை. அடுத்தது, மீன் வலை. நைலான் வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. மிதவைக் கட்டைகளோ பிளாஸ்டிக் பாட்டில்களோ வரிசையாக மிதந்தால் அடியில் வலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கரை. சீமைக்கருவேல முள், உடைந்த மதுப்புட்டி, தூண்டில் முள். கோடையில் வளர்ந்த சீமைக்கருவேலம் மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் நிற்கும். மேலே இரண்டு கிளை மட்டும் தெரியும். நீந்தும் நாயின் வயிற்றைக் கிழிக்க அது போதும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, மணலோ கெட்டி மண்ணோ சரிவாக இறங்கும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாய் எங்கே இறங்கியதோ அங்கேயே ஏற முடிய வேண்டும். கல் பதித்த செங்குத்துக் கரையில் இறங்குவது எளிது, ஏற முடியாது.

தண்ணீர் பச்சையாக இருந்தால்?

வெறும் பாசி என்றால் பரவாயில்லை. ஒரு குச்சியால் கிளறுங்கள். நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு வந்தால் சாதாரணப் பாசி. மேலே பெயிண்ட் கொட்டியது போலப் படலமாகப் படர்ந்து, குச்சியில் அப்பிக்கொண்டு, நாற்றமும் அடித்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது ஒரு பாக்டீரியா. அதில் சில வகை ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலோ, ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலோ சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். முறிமருந்து கிடையாது. சந்தேகம் வந்தாலே அந்த ஏரி வேண்டாம். ஏற்கெனவே இறங்கிவிட்டது என்றால் நக்க விடாமல் சுத்தமான தண்ணீரில் அலசி, நேராக மருத்துவரிடம்.

செத்த மீன்கள் ஒதுங்கியிருந்தாலும் திரும்பிவிடுங்கள். சுற்றி வயலில் அன்று மருந்து அடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே.

பாம்பு, முதலை இருக்குமா?

ஏரியில் தலையைத் தூக்கி நீந்துவது பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு. கடிக்கும், விஷம் இல்லை. பயப்பட வேண்டியது கரைப் புல்லிலும் கல் இடுக்கிலும் இருக்கும் கண்ணாடி விரியனுக்கும் நல்ல பாம்புக்கும். நாய் புதரில் மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

முதலை எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் அமராவதி அணை, பவானிசாகர், சாத்தனூர் பக்கம், கொள்ளிடக்கரையில் அணைக்கரையிலிருந்து சிதம்பரம் வரையுள்ள நீர்நிலைகள் ஆகிய இடங்களில் நாயை இறக்கும் எண்ணமே வேண்டாம்.

மலைப்பகுதி ஓடை, குட்டைகளில் அட்டை இருக்கும். தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. திரும்பி வந்து சில நாளில் நாய் அடிக்கடி தும்மி, ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் சொட்டினால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. இன்னும் ஏதாவது வேண்டுமா?

"எல்லாம்" என்பதில் எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, பன்றி போன்றவற்றின் சிறுநீர் வழியாகத் தேங்கிய தண்ணீரில் கலக்கும். நாயின் காலில் உள்ள சிறு கீறல், கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகும். சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். மாடு இறங்கும் ஏரியில் நீந்தப் போகும் நாய்க்கு இந்த ஊசிதான் மிக முக்கியம்.

ஏழு நோய், ஒன்பது நோய்க்கான கூட்டு ஊசிகளில் இது வழக்கமாகச் சேர்ந்திருக்கும். ஆனால் ஆண்டுதோறும் போட வேண்டும். முதல்முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு தவணை. போன வாரம் ஊசி, இந்த வாரம் ஏரி என்று அவசரப்படாதீர்கள். எல்லாக் கிருமி வகையையும் ஊசி தடுக்காது என்பதும் உண்மை, அதனால்தான் ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம். வெறிநாய்க்கடி ஊசியும் நடப்பில் இருக்க வேண்டும், கரையில் ஊர் நாய்கள் இருக்கும். பூச்சி மருந்து, உண்ணி மருந்து இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் காலில் புண் இருந்தால் நீங்களும் இறங்காதீர்கள்.

எந்த நாயைக் கூட்டிப் போகக் கூடாது?

தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி, வலிப்பு வரும் நாய், இதய நோய் உள்ள நாய், காதில் சீழோ தோலில் புண்ணோ உள்ள நாய், அறுவை சிகிச்சைத் தையல் ஆறாத நாய். சூட்டில் இருக்கும் பெட்டையும் வேண்டாம். ஊர் ஆண் நாய்கள் கூடிவிட்டால் சமாளிக்க முடியாது.

வயதான, மூட்டு வலி உள்ள நாயைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். நெஞ்சளவு தண்ணீரில் மெதுவாக நடக்க வையுங்கள், நீந்தக்கூட வேண்டாம். தரையில் நாலு அடி வைக்க முனகும் கிழட்டு லேப், தண்ணீர் தன் பாரத்தைத் தாங்கியதும் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

வீட்டுக் குடிநீர், நிறைய. ஒரு நடுத்தர நாய்க்குக் குடிக்க மட்டும் நாலைந்து லிட்டர். அலச ஒரு இருபது லிட்டர் கேன். பழைய துண்டுகள், லைஃப் ஜாக்கெட், நீளக் கயிறு, கம்பு, தண்ணீர்க் கிண்ணம், உண்ணி பிடுங்கும் இடுக்கி, முள் எடுக்க ஒன்று, பஞ்சும் துணிக்கட்டும், வெப்பமானி, நிழலுக்கு ஒரு தார்ப்பாய். கழிவை அள்ள உறைகள். ஏரிக்கரையில் விட்டு வராதீர்கள், மழை வந்தால் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும்.

கிளம்பும் முன்பே, போகும் வழியில் நாய்க்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவமனை எது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று போன் செய்து கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு.

லைஃப் ஜாக்கெட் தேவையா? நல்லா நீந்தும் நாய்தானே?

தேவை. முக்கியமாக அதன் முதுகில் உள்ள கைப்பிடிக்காக. களைத்த முப்பது கிலோ நாயைத் தண்ணீரிலிருந்து தூக்க வேறு வழி இல்லை. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் மூச்சு அடைக்கும். நெஞ்சுச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். மாட்டியபின் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. முந்தைய வாரமே வீட்டில் மாட்டிப் பழக்கிவிடுங்கள்.

கயிற்றை ஜாக்கெட்டின் வளையத்திலோ ஹார்னஸிலோதான் கட்ட வேண்டும், கழுத்தில் கூடாது. பத்து மீட்டர், மிதக்கும் கயிறு. நுனியில் முடிச்சோ வளையமோ இருந்தால் வேரில் சிக்கும், அவிழ்த்துவிடுங்கள்.

முதன்முதலாக எப்படி இறக்குவது?

தூக்கிப் போடாதீர்கள். "போட்டால் தானாக நீந்தும்" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் அந்த நாய் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வெறுக்கும்.

நீங்கள் இறங்குங்கள். கால் நனையும் ஆழத்தில் நின்று கூப்பிடுங்கள், வந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. கொஞ்ச நேரம் அங்கேயே விளையாட்டு. அப்புறம் வயிறு நனையும் ஆழம். தரை காலுக்கு எட்டாமல் போகும் அந்த நொடியில் பெரும்பாலான நாய்கள் பதறி முன்காலால் தண்ணீரை அறையும், பின்பாகம் மூழ்கும். அப்போது வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துப் பின்பாகத்தை மேலே தூக்குங்கள். உடம்பு கிடையாக வந்ததும் முன்கால் தானாகத் தண்ணீருக்குள் போய்விடும். கரையை நோக்கித் திருப்பி நீந்த விடுங்கள், ஆழத்தை நோக்கி அல்ல. முதல் நாளில் இது சில முறை நடந்தாலே போதும். நன்றாக நீந்தத் தெரிந்த இன்னொரு நாய் கூட இருந்தால் பாதி வேலை மிச்சம்.

சில நாய்கள் கடைசி வரை வராது. கரையில் ஈர மண்ணைத் தோண்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் அதற்கு நல்ல நாள்தான்.

எவ்வளவு நேரம் நீந்தலாம்?

பழகாத நாய்க்கு ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், பழகியதற்குப் பத்து. பிறகு கரையேற்றி, கட்டி, அதே அளவு நேரமாவது ஓய்வு. கட்டாமல் விட்டால் ஓய்வெடுக்காது, திரும்பக் குதிக்கும்.

கடிகாரத்தைவிட நாயின் உடம்பைப் பாருங்கள். முதுகு தண்ணீர் மட்டத்தில் தெரிந்துகொண்டிருந்தது மறைய ஆரம்பித்தால், முன்கால்கள் தண்ணீருக்கு வெளியே வந்து அடித்தால், திரும்பி வரும் வேகம் குறைந்தால், அந்தத் தடவைதான் கடைசி.

பந்து எறிந்து எடுத்து வர விடலாமா? தண்ணீரும் நிறைய உள்ளே போகிறதே?

சரியான கவலை. ஒவ்வொரு முறை பந்தைக் கவ்வும்போதும் வாய் திறந்திருக்கும், ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போகும். அரை மணி நேரம் விடாமல் எறிந்தால் வயிறு முட்டத் தண்ணீர் சேர்ந்து, ரத்தத்தில் சோடியத்தின் அளவு விழுந்துவிடும். மூளை வீங்கும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, தள்ளாடி, எச்சில் வடித்து, கண் நிலைகுத்திப் போனால் அது களைப்பு இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உடனே மருத்துவரிடம் கொண்டு போய், தண்ணீர் நிறையக் குடித்தது என்று சொல்லுங்கள். தோட்டத்துக் குழாயில் வாயை வைத்துத் தண்ணீரைக் கடித்து விளையாடும் நாய்க்கும் இது வரும்.

இதைத் தடுப்பது எளிது. உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான, மெல்லிய மிதக்கும் பொம்மை. வாயை அகலத் திறக்க வேண்டியிருக்காது. பத்துப் பன்னிரண்டு எறிதலுக்கு ஒருமுறை இடைவெளி. இடைவெளியில் சிறுநீர் கழிக்க நடத்திக் கூட்டிப் போங்கள். தாகத்துக்கு ஏரித் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க, இறங்கும் முன்பே வீட்டுத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு?

இறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பும், ஏறி ஒரு மணி நேரம் வரையும் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். மதியத்துக்குத் தயிர்சாதம் கொஞ்சம், வேகவைத்த கோழி எலும்பு நீக்கி. நீங்கள் கொண்டு வந்த பிரியாணி உங்களுக்கு மட்டும்: வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும். திராட்சை, சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

தண்ணீரிலேயே இருக்கிறது, வெயில் என்ன செய்யும்?

செய்யும். நீந்துவதும் ஓடுவதுதான், உடம்புக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கரையில் ஏறியபின் நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, எழுந்து நிற்கத் தடுமாறினால் வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். முதலில் குளிரவையுங்கள், பிறகு வண்டி: நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தெளிந்துவிட்டதாகத் தெரிந்தாலும்.

நிறுத்திய காருக்குள் நாயை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஐந்து நிமிடம்கூட.

மூழ்கித் தூக்கிவிட்டோம். என்ன செய்வது?

மூச்சு இருந்தால் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, வாயிலிருந்து சேறு, இலையை விரலால் எடுத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். மூச்சு இல்லை, அசைவும் இல்லை என்றால் சில நொடி தலையைத் தாழ்த்தித் தண்ணீரை வடிய விட்டுவிட்டு உடனே தொடங்குங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து நெஞ்சின் அகலமான இடத்தில் இரு கையால் அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். முப்பது அழுத்தத்துக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக இரண்டு முறை ஊதுங்கள், நெஞ்சு எழும்ப வேண்டும். ஒருவர் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் வண்டி ஓட்டட்டும்.

எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

ஏரி எதற்கு, நண்பர் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் விட்டால்?

பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டையில் ஒருபோதும் விடாதீர்கள். சரிவாகத்தான் இருக்கும், ஆனால் ஈரமான விரிப்பில் நாயின் நகம் பிடிக்காது. எவ்வளவு நன்றாக நீந்தும் நாயும் ஏற முடியாமல் சுற்றிச் சுற்றியே மூழ்கிவிடும். அப்படிக் குட்டை வைத்திருப்பவர்கள் நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறோ பழைய டயரோ கட்டித் தொங்கவிட்டால் நாய் மட்டுமல்ல, மயிலும் குழந்தையும் பிழைக்கும். சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டத்தில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே வேண்டாம்.

சென்னை, கோவைப் பக்கம் நாய்களுக்கென்றே நீச்சல் குளங்கள் இருக்கின்றன. முதல் பாடத்தை அங்கே முடித்துவிட்டு ஏரிக்குப் போவது நல்ல வழி.

ஆடு, மாடு, ஊர் நாய், பறவை வந்தால்?

ஆட்டு மந்தை கண்ணில் பட்டதும் நாயைக் கட்டுங்கள். விளையாட்டுக்குத் துரத்தினால்கூடச் சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடலாம். அது ஒரு குடும்பத்தின் வருமானம். எருமை தண்ணீரில் படுத்திருந்தால் அந்த மூலையே வேண்டாம். ஊர் நாய்கள் குலைத்தால் கல்லெறியாமல் நீங்கள் நகர்ந்துவிடுங்கள், அது அவற்றின் இடம்.

முக்குளிப்பானும் நாமக்கோழியும் நாணல் ஓரத்தில் கூடு வைத்திருக்கும். மார்ச் தொடங்கினால் ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், நாயைக் கூட்டிக்கொண்டு விலகுங்கள்.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேன் தண்ணீரில் தலை முதல் வால் வரை அலசுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத் துவட்டுங்கள். ஈரப்பட்டைக்கு அடியில் ஒரே நாளில் தோல் வெந்து புண்ணாகும், லேப்புக்கு அடிக்கடி வரும். தொங்கும் காதுகளைப் புரட்டி மெல்லிய துணியால் துடையுங்கள், காதுக் குச்சி வேண்டாம். விரல் இடுக்கில் முள், காதுமடலிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் வாலின் அடிப்பகுதி உட்பட நன்றாகக் காயவைக்க வேண்டும்.

மறுநாள் வால் தொங்கிப்போய்விட்டது, உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நீந்தும்போது வாலைத் துடுப்பாகப் பயன்படுத்தி அதன் அடித்தசை களைத்துப்போவதால் வருவது. குளிர்ந்த தண்ணீரிலும், பழக்கமில்லாமல் நிறைய நீந்திய பிறகும் லேப் போன்ற நாய்களுக்கு வரும். வால் சில அங்குலம் நேராக நின்று அப்புறம் தொங்கும், உட்காரும்போது வலிக்கும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். வலி மிகுந்தால் மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சாகலாம், கொடுக்காதீர்கள்.

காதைச் சொறிவது, தலையை ஆட்டுவது ஓரிரு நாளில் தெரியும். வயிற்றுப்போக்கு வந்தால் மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எலிக்காய்ச்சல் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும், ஆகையால் அடுத்த இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள்: காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், சிறுநீர் கருத்துப்போவது அல்லது குறைந்துபோவது. இதில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டு போய், எந்த ஏரியில், எந்தத் தேதியில் நீந்தியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் எந்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான்.